எனக்காகப் பேச, என்னோடு பேசாதவர்

மருந்துக் கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கி, எனக்கு முன்னால் நின்றவருக்காகத் திறந்தார். தோல், பஞ்சு, முகத்துக்குப் போடும் பவுடர், யாரோ கட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த வேர்வை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாக வலது அடிவயிற்றுக்குப் போய்விட்டது. தலைவலி மாத்திரை வாங்கப் போனவன் நான். தலைவலி எங்கே போனதோ தெரியவில்லை. பெட்டிக்குள் இருந்த, அடிவயிற்றை இறுக்கிக் கட்டும் பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர், "உங்களுக்கும் வேணுமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கட்டிய காலம் முடிந்துவிட்டது. ஆனால் வாசனைக்கு அது தெரியாது.

எழுபதுகளின் தொடக்கம். தேனியில் ஒரு நூற்பு மில்லில் பஞ்சு கலக்கும் பகுதியில் இருந்தேன். காற்று முழுக்கப் பஞ்சு பறக்கும். புருவம், மீசை, சோற்றுவாளி எல்லாம் வெளுத்து, இருபத்தெட்டு வயதில் தாத்தாவாகி வீடு திரும்புவோம். ஓர் ஐப்பசி மாதம், இரண்டாவது ஷிப்டில், பஞ்சுப் பொதியொன்றை மார்பால் முட்டித் தள்ளும்போது, அடிவயிற்றில் ஏதோ ஒன்று கதவைத் தட்டாமல் வெளியே வந்து எட்டிப் பார்த்தது. வலி என்றுகூடச் சொல்ல முடியாது. ஓர் அந்நியன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது போல. படுத்தால் உள்ளே போய்விடும். நின்றால் வந்து நிற்கும். இருமினால் ஆளே வளர்ந்துவிடும்.

குடலிறக்கம். மில் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீடு இருந்தது. அதன் மருந்தகத்தில் சீட்டைக் காட்டினால் மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அறுத்துத் தைப்பார்கள், ஓய்வு முடிந்து பழைய இடத்துக்குத் திரும்பலாம். அப்படித்தான் நினைத்துப் போனேன். மருந்தக டாக்டர் என்னை இருமச் சொன்னார். இருமினேன். இன்னொரு தரம் என்றார். அதற்கும் இருமினேன். பிறகு எழுதினார்: பழைய இறக்கம், வேலையில் சேரும் முன்பே இருந்திருக்கக்கூடும், ஆகவே காப்பீடு பொறுப்பல்ல.

இரண்டு இருமலில் என் முன்காலம் முழுவதையும் கண்டுபிடித்துவிட்டார்.

ஆபரேஷன் இல்லாமல் மில் என்னை உள்ளே விடாது. பங்குனி பிறப்பதற்குள் உடல் தகுதிச் சான்றிதழோடு வராவிட்டால், எனக்குப் பதிலாக நின்றுகொண்டிருந்த பதிலி ஆளுக்கே என் இடம் நிரந்தரமாகிவிடும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இறக்கத்தை உள்ளே அழுத்தி வைக்க, என் கையில் அந்த பெல்ட் மட்டும் இருந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். செய்தேன். அங்கேதான் முதல் தப்பு. மனுவை நானே எழுதினேன். அப்போதும் எனக்கு இந்த வியாதி உண்டு. ஒன்றைச் சொல்ல உட்கார்ந்தால் இன்னொன்று ஒளிர்ந்து வந்து நிற்கும். இரண்டு இரவு முழித்து, 'என் வயிற்றின் ஓரத்தில் ஒரு தேய்பிறை தொங்குகிறது, நான் நடந்தால் அதுவும் நடக்கிறது' என்று தொடங்கி, மூன்று பக்கம். படித்துவிட்டு எனக்கே கண் கலங்கியது.

காப்பீட்டு அலுவலகத்துக் கிளார்க்குக்குக் கலங்கவில்லை.

"ஏப்பா, இது மனுவா, வாழ்த்து மடலா?" என்றார். "எங்க வந்துச்சு, எப்ப வந்துச்சு, எதத் தள்ளயில வந்துச்சு. அம்புட்டுத்தான் கேக்குறோம். நீ நெலாங்கிற, தேய்பிறைங்கிற. நெலாவுக்கு இங்கன வைத்தியம் கெடையாது."

"திருத்தி எழுதித் தாரேன்யா."

"வேணாம். நீ திருத்துனா சூரியன் வந்துரும்." பச்சை நிறத்தில் ஓர் ஃபாரத்தை எடுத்து நீட்டினார். "விசாரணைக்கு மதுரைலருந்து ஆபீசர் வாராரு. உனக்குப் பதிலாப் பேசுறதுக்கு ஒரு ஆளப் போட்டுக்க. சட்டத்துல எடம் இருக்கு. நல்லாப் பேசுற ஆளாப் போடு. உன்ன மாதிரி எழுதுற ஆளப் போட்டுறாத."

அந்த ஃபாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 'இன்னாரை என் பிரதிநிதியாக நியமிக்கிறேன். என் பொருட்டு இவர் பேசுவதெல்லாம் நானே பேசியதாகக் கொள்ளப்படும்.' கோடு போட்ட அந்த இடம் வெறுமையாக இருந்தது. என் வாயை யாரிடம் கொடுப்பது? மில்லில் இரண்டு சங்கங்கள்; ஒருவரைப் போட்டால் மற்றவர் என் இறக்கத்தையே எதிர்ப்பார். வக்கீல் பக்கம் போகிற வழி எனக்கில்லை. யோசித்துக்கொண்டே இருந்தேன். என் மனைவி அடுப்படியிலிருந்து, ரொம்ப சாதாரணமாக, உப்பு எடுத்துத் தரக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"எங்கண்ணனப் போடுங்க."

"உங்கண்ணனா? நாலு வருசமா அவருக்கும் எனக்கும் பேச்சே இல்லையே!"

"நீங்க எதுக்குப் பேசணும்? அதுக்குத்தான ஆளப் போடுறோம். கையெழுத்து மட்டும் போடுங்க. பேசுறத அவுக பேசிக்கிருவாக."

இதை இங்கே விளக்க வேண்டும். என் அக்காவை அவருக்குக் கொடுத்தோம். அவர் தங்கையை எனக்குக் கொடுத்தார்கள். ஒரே பந்தலில் இரண்டு தாலி. அவர் கம்பத்தில் ஜீப் ஓட்டினார். கூடலூர் வழியாகக் குமுளி, அங்கிருந்து ஏலத் தோட்டங்கள், ஆளும் சரக்கும். தினமும் எல்லைச் சோதனைச் சாவடியில் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடித்து, அதிகாரிகளோடு வாதாடி, ஜெயித்து, டீயும் வாங்கிக் குடித்துவிட்டு வருகிற மனுஷர். அவருடைய மகளுக்குக் காது குத்தினார்கள். தாய்மாமன் நான். தாய்மாமன் சீரோடு மேளம் கொட்டித் தெருமுனைக்கு வந்து நின்றால், வீட்டுக்காரர் எதிரே வந்து, மாலை போட்டு அழைத்துப் போக வேண்டும். அழைக்காமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. நான் வந்து நின்றேன். கொண்டுவந்த கிடா நடக்க மாட்டேன் என்று தெருவில் உட்கார்ந்துவிட்டதால் அதைத் தோளில் தூக்கியிருந்தேன். அவர் வரவில்லை. மேளக்காரர்கள் அடித்து அடித்து ஓய்ந்து, பீடி பற்றவைத்தார்கள். அவர் வரவில்லை. கடைசியில் அக்காதான் ஓடிவந்தாள். பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தி முடித்ததும், கை நனைக்காமல் எழுந்து வந்தவன்தான்.

பந்தியில் சமையல்காரரோடு தகராறு, நான் வந்தது தெரியாது என்று அவர் சொல்லி அனுப்பினார். மேளம் கொட்டியது தெரியாதா என்று நான் சொல்லி அனுப்பினேன். அதோடு சரி.

எங்கள் பக்கத்தில் பேச்சில்லை என்றால் முகத்தில் முழிப்பதில்லை என்று அர்த்தமில்லை. வருவோம், போவோம், ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நடுவில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். "உந் தம்பிக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்பார் அவர், நான் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும்போது. "போதும்னு சொல்லுக்கா" என்பேன். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள், கேட்டவர்களுக்குத்தான் கேட்டுவிட்டதே. ஆனாலும் அவள் அங்கே நிற்க வேண்டும். முதலில் நேராகப் பேசுகிறவன் தோற்றவன். யாரும் எழுதி வைக்காத சட்டம். நாலு வருடமாக இருவரும் தோற்கவில்லை.

அவருக்கு ஆள் அனுப்பினோம். பதில் அக்கா வழியாக வந்தது. "என் தங்கச்சிக்காக வாரேன். நல்லாப் பேசுவேன். ஆனா அவருகிட்டப் பேச மாட்டேன்."

கையெழுத்துப் போடவும் விவரம் சொல்லவும் மனைவியோடு கம்பத்துக்குப் போனேன். சின்னமனூர் தாண்டி ஒவ்வொரு குழிக்கும் பஸ் ஒருமுறை இருமியது. நானும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு இருமாமல் இருந்தேன். சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டு ராவுத்தர் வந்தார். ஏலக்காய் வியாபாரி, சட்டைப் பையிலேயே வாசனையோடு நடப்பவர். ஃபாரத்தைச் சத்தமாகப் படித்தார். 'நானே பேசியதாகக் கொள்ளப்படும்' என்ற இடம் வந்ததும் நிறுத்தி, என் மனைவியின் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அட ரப்பே," என்றார், "இவுக ரெண்டு பேருமா?" சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே போனார். தெருவின் கோடி வரை அந்தச் சிரிப்பு கேட்டது.

அதற்குப் பிறகுதான் சிக்கல். விவரம் சொல்ல வேண்டும். விவரமோ வயிற்றுக்குக் கீழே. இதை அக்காவை நடுவில் நிறுத்திக்கொண்டு சொல்ல முடியுமா? என் மனைவியை நிறுத்தலாம், அவளுக்கு அண்ணன் முன்னால் கூச்சம். இரண்டு பெண்களும் தாங்களாகவே கொல்லைப்புறம் போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் எதிரெதிரே. நடுவில் யாருமில்லை. மின்விசிறியும் இல்லாத வீடு. காற்றுகூட வந்து பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து போய், கட்டிப் போட்டிருந்த நாயை அவிழ்த்துக்கொண்டு வந்தார். கோம்பை நாய். செம்பழுப்பு உடம்பு, கறுத்த மூஞ்சி, அந்நியரைக் கண்டால் பல்லைக் காட்டுகிற ஜாதி. எனக்கும் அவருக்கும் நடுவில் அதை உட்கார வைத்தார்.

"ஏலே," என்றார் நாயிடம். "எறங்குனது வலதா எடதான்னு கேளு."

நாய் என்னைப் பார்த்தது.

"வலதுன்னு சொல்லு," என்றேன் நாயிடம்.

"எப்ப எறங்குச்சுன்னு கேளு."

"ஐப்பசில. ரெண்டாம் ஷிப்டு. பொதியைத் தள்ளயில."

"எம்புட்டுப் பெருசு?"

"சும்மா நின்னா எலுமிச்சங்காய். இருமுனா மாதுளங்காய்."

"சிரிச்சா?"

"நாலு வருசமா இந்த வீட்டுல சிரிக்கலன்னு சொல்லு."

நாய் கொட்டாவி விட்டது. அவர் மீசையைத் தடவினார். "காட்டச் சொல்லு," என்றார்.

"எதுக்காம்?"

"பாக்காத சரக்குக்குச் செக்போஸ்ட்டுல எப்படிப் பேசுறதாம்?"

நியாயமான கேள்வி. எழுந்து, பெல்ட்டை அவிழ்த்து, வேட்டியைத் தளர்த்தி, நாய்க்குக் காட்டினேன். நாய் அக்கறையோடு மோந்து பார்த்தது. அவர் நாயைப் பார்க்கிறவர்போல, நாயின் தலைக்கு மேலாக, ஒரு கண் பார்த்துக்கொண்டார். பிறகு அவர் ஏதோ கேட்க வாயெடுத்த நேரம், வாசலில் ஒரு கோழி குறுக்கே போனது. நாய் பாய்ந்துவிட்டது. போனது போனதுதான். நான் வேட்டியைப் பிடித்தபடி நிற்கிறேன். அவர் பாதிக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறார். தெருவெல்லாம் கோழியின் ஓலம்.

கொல்லையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "ஏலே, என்னடா உள்ள சத்தத்தையே காணோம்?"

"நாயைக் காணோம்!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

விசாரணை நாளில் தேனிக்கு அவர் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். அலுவலகம் மாடியில். மேஜைக்குப் பின்னால் ஆபீசர், எங்கள் பக்கத்துக்காரர் அல்ல, புத்தகத்தில் இருப்பதுபோல் தமிழ் பேசுகிறவர். பக்கத்தில் மருந்தக டாக்டர். ஓரத்தில் கிளார்க், கையில் பேனா. மூலையில் ஆள் ஏறி நிற்கும் எடை மெஷின் ஒன்று. என் மனைவி கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே நடப்பது அவளுக்கு ஒரு கீற்றாகத்தான் தெரியும்.

"பிரதிநிதி இருக்கும்போது மனுதாரர் வாய் திறக்கக் கூடாது," என்று ஆபீசர் முதலிலேயே சொல்லிவிட்டார். நாங்கள் நாலு வருடம் ஒத்திகை பார்த்த சட்டம். சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

என் மனைவியின் அண்ணன் எழுந்து பேசினார். ஐயோ, எப்படிப் பேசினார்! சோதனைச் சாவடியே மாடி ஏறி வந்ததுபோல் இருந்தது. "அய்யா, இது உள்ளூர்ச் சரக்கு. வெளிய இருந்து இவரு கொண்டு வரல. உங்க மில்லுக்குள்ள வெளைஞ்சது. ஐப்பசில பூத்து, கார்த்திகைல காய்ச்சது. எடம் வலது. அளவு எலுமிச்சங்காய். இருமுனா மாதுளை. நானே பாத்தேன்." என் மூன்று பக்கத் தேய்பிறையை அவர் ஒரு பழக்கடையாக்கிவிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

ஆபீசர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி. மில்லில் சேர்வதற்கு முன்னால் இவருக்கு இறக்கம் இல்லை என்பதற்கு என்ன சாட்சி?" என்றார்.

அவர் பேச்சு நின்றுவிட்டது. அந்த வாய் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். கழுத்துத் துண்டை எடுத்து முகம் துடைத்தார். கதவுக் கீற்றில் தங்கையைப் பார்த்தார். பிறகு, சாவடியில் ஒருநாளும் பேசியிராத மெல்லிய குரலில், "சாட்சி இருக்குய்யா. நாந்தான் சாட்சி," என்றார்.

கிளார்க் உடனே எழுந்தார். பிரதிநிதி சாட்சி சொல்ல முடியாதாம். சாட்சி சொல்ல வேண்டுமானால் அவரைப் பிரதிநிதிப் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும். நீக்குவதற்கும் ஃபாரம் இருந்தது, மஞ்சள் நிறம். சாட்சி முடிந்ததும் திரும்ப நியமித்துக்கொள்ளலாம். அதற்கு மறுபடி பச்சை. நான் மஞ்சளில் கையெழுத்துப் போட்டேன். என் வாய் எனக்கே திரும்பி வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"இப்போது உங்களுக்குப் பிரதிநிதி இல்லை," என்றார் ஆபீசர். "சாட்சியை நீங்கள்தான் கேள்வி கேட்க வேண்டும்."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அக்கா இல்லை. நாய் இல்லை. மில்லில் சேருவதற்கு முன் அவர் என்னைக் கடைசியாகப் பார்த்தது அந்தக் காதுகுத்தில்தான். எடை மெஷின் பக்கம் திரும்பினேன். "அன்னைக்குத் தெருமுனையில..." என்று அதனிடம் ஆரம்பித்தேன்.

"யாரிடம் பேசுகிறீர்கள்?"

"மெஷின்கிட்டய்யா."

கிளார்க் குனிந்து ஆபீசர் காதில், ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "அய்யா, ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல போல. எங்க பக்கம் இப்படித்தான்."

"பேச்சு இல்லாதவரையா உங்களுக்காகப் பேச நியமித்தீர்கள்?" ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். "கையெழுத்தே உண்மைதானா என்று நான் சந்தேகப்பட வேண்டியிருக்கும். சாட்சியின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். இல்லையென்றால் மனுவை முடித்துவிடுகிறேன்."

பங்குனி பிறக்க எட்டு நாள் இருந்தது. மில்லின் சங்கு, என் இடத்தில் நிற்கிற பதிலி ஆளின் வெளுத்த புருவம், கதவுக்கு வெளியே ஒரு நிழல். திரும்பினேன். நாலு வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தை நேராகப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. யாருமே எனக்குச் சொல்லவில்லை.

"மச்சான்," என்றேன். தோற்றுவிட்டேன். "காதுகுத்து அன்னைக்கு நான் தெருமுனையில வந்து நின்னது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

பேனா சரசரத்தது.

"எப்பத் தெரியும்?"

"மேளச் சத்தம் கேட்டவுடனே தெரியும்."

"தோள்ல என்ன இருந்துச்சு?"

"கிடா. முப்பது கிலோவுக்குக் கொறையாது."

"எம்புட்டு நேரம் நின்னேன்?"

"சோறு வடிச்சு, கொழம்பு எறக்கி, அப்பளம் பொரிச்சு முடியிற மட்டும்."

"மணிக்கணக்கில் சொல்லுங்கள்," என்றார் ஆபீசர்.

"ஒரு மணி நேரத்துக்கு மேலய்யா. ஒருதடவைகூடக் கிடாயக் கீழ எறக்கல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இது நடந்த ஒம்பதாம் நாள்தான் இவரு மில்லுல சேந்தாரு."

நாலு வருடமாகத் தெரியாது, தெரியாது என்று சொல்லி அனுப்பிய வாய்.

"அப்ப ஏன் மச்சான் கூப்பிட வரல?" என்றேன்.

"அந்தக் கேள்வி தேவையில்லை," என்றார் ஆபீசர். கிளார்க் அதை எழுதவில்லை.

அப்போது மருந்தக டாக்டர், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, முதல் முறையாகச் சிரித்தார். "நல்ல சாட்சி. ஒரு மணி நேரம் ஆட்டைத் தூக்கியிருக்கிறார். அப்போதுதான் இறங்கியிருக்க வேண்டும். மில்லுக்கு வருவதற்கு ஒன்பது நாள் முன்னால். நான் எழுதியதும் அதைத்தானே?"

என் கிடா, என் ரோஷம், இரண்டும் சேர்ந்து என் இடத்தைத் தின்றுவிட்டன என்று நினைத்தேன். ஆபீசர் காகிதங்களைத் தட்டி அடுக்கத் தொடங்கினார்.

"இல்ல டாக்டரய்யா," என்றார் மச்சான். துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு எறங்கல. கை நனைக்காமக் கோவிச்சுக்கிட்டுக் கெளம்புன மனுசன், பஸ்ஸுக்குக்கூட நிக்காம, கம்பத்துலருந்து உத்தமபாளையம் வரைக்கும் நடந்தே போனாரு. வேகாத வெயிலு. எறங்குன வயித்தோட அம்புட்டுத் தூரம் நடக்க முடியுமா?"

"நடந்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பின்னாலயே ஜீப்புல போனேன்யா."

எனக்கு அந்த நடை ஞாபகம் இருக்கிறது. இரண்டு பக்கமும் நெல், காற்றில் புரண்டு புரண்டு படுக்கும் பச்சை, தலைக்கு மேல் வெயில், தலைக்குள் அதைவிட வெயில். பின்னால் தூரத்தில் ஏதோ ஒரு ஜீப் நகர மனமில்லாமல் முனகிக்கொண்டே வந்தது. பாவம், இன்ஜின் கோளாறு என்று நினைத்தேன். என் கோபத்துக்கு நடுவிலும் அந்த டிரைவருக்காகப் பரிதாபப்பட்டேன். திரும்பி மட்டும் பார்க்கவில்லை.

"ஒருதடவைகூட அடிவயித்துல கை வைக்கல," என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். "ஒரு வாய்க்காலத் தாண்டுனாரு. பாலத்துக்கிட்ட ஒரு கல்லு கெடந்துச்சு, அதக் கோவத்துல பொரட்டித் தண்ணிக்குள்ள தள்ளிவிட்டாரு."

"எவ்வளவு பெரிய கல்?" என்றார் டாக்டர், தன்னை மறந்து.

"ஆட்டுக்கல்லு மாதிரி இருக்கும். உத்தமபாளையத்துல பஸ் ஏறுன பெறகுதான் நான் வண்டியத் திருப்புனேன்."

"எதுக்கு மச்சான் பின்னால வந்தீக?"

"அதுவும் தேவையில்லை," என்றார் ஆபீசர்.

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு, அந்த நடையை ஏற்றுக்கொள்வதாகவும், தான் 'கூடும்' என்றுதான் எழுதியதாகவும், 'இருந்தது' என்று எழுதவில்லை என்றும் சொன்னார். கிளார்க் மறுபடி பச்சை ஃபாரத்தை நீட்டினார். மச்சானைத் திரும்ப நியமித்தேன். கையெழுத்துப் போட்ட அந்த நொடியே எங்கள் இருவருக்கும் இடையில் பழைய மௌனம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள் போல. படியிறங்கும்போது அவர் என் மனைவியிடம் சொன்னார்: "ஆத்தா, உன் வீட்டுக்காரரக் கைப்பிடியப் பிடிச்சு மெதுவா எறங்கச் சொல்லு."

தீர்ப்பு தபாலில் வரும் என்றார்கள். வந்தது, எனக்கு அல்ல. பிரதிநிதி இருந்தால் கடிதமெல்லாம் பிரதிநிதிக்குத்தான் போகுமாம். என் வயிற்றின் தீர்ப்பு கம்பத்தில் போய் இறங்கியது. அதை அவர் எனக்குச் சொல்ல முடியாது. ஆகவே ஜீப்பை எடுத்துக்கொண்டு தேனி வரை ஓட்டி வந்து, எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, உறையை என் முன்னால் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து காப்பி குடித்தார். முகத்தில் ஒரு சேதியும் இல்லை. நான் உறையைப் பிரிப்பதற்குள் டம்ளர் காலியாகிவிட்டது. மனு ஏற்கப்பட்டது. இறக்கம் வேலையில் வந்ததே. மதுரையில் ஆபரேஷன். குணமாகி வரும்வரை மில்லில் என் இடத்தை வைத்திருக்க வேண்டும். என் மனைவி அதை நாலு தரம் படித்தாள். ஐந்தாவது தரம் சத்தமாகப் படித்தாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவருக்காக. அவர் "ம்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, காலை நேர மதுரை பஸ். தேனி பஸ் நிலையத்தில் வாழைத்தார்களை ஏற்றுகிற இரைச்சல். என் மனைவி மடியில் பையை வைத்துக்கொண்டு, பையில் இருந்த டம்ளரையும் துண்டையும் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அதுவரை எல்லாம் காகிதமாக இருந்தது. பச்சை, மஞ்சள், முத்திரை. இனிமேல் கத்தி. காகிதத்தில் ஜெயித்ததற்குப் பரிசு, மேஜையில் படுப்பது. கூட ஒருவரும் வர முடியாத அறை அது.

மச்சான் வந்திருந்தார். கண்டக்டரிடம் போய், "இவர முன்னால ஒக்கார வையி. குலுங்கக் கூடாத சரக்கு," என்று சொன்னார். டிரைவரிடம் போய்ப் பள்ளங்களைப் பற்றி என்னவோ எச்சரித்தார். டிரைவர் கையை ஆட்டி விரட்டினார். பிறகு சுற்றி வந்து என் ஜன்னலுக்குக் கீழே நின்றார். என் மனைவி அவரைப் பார்த்தாள், நடுவில் நிற்கத் தயாராக. பஸ் உறுமிக் கிளம்பியது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு கூடவே நடந்தார். என்னைத்தான் பார்த்தார்.

"மாப்ள, ஆபரேசனுக்கும் உனக்குப் பதிலா ஒரு ஆளு படுக்கலாமான்னு அந்தக் கிளார்க்குகிட்டக் கேட்டுப் பாத்தேன். ஃபாரத்துல அதுக்கு எடம் இல்லங்கிறான். நீயேதான் போயிப் படுக்கணும்."